மூன்றிலிருந்து நான்கு வரை

மூன்று மணிக்குக் கதவைத் தட்டினாள்
மேல்வீட்டு எடெல்மிரா.
"ஒரு மணி நேரம்
உங்கள் வாஷிங் மெஷினை நிறுத்த முடியுமா?
ஃபிரிட்ஜையும்.
முடிந்தால் உங்கள் இருமலையும்."

சரி என்றேன்.
நுரையில் பாதியில் நின்றது என் சீருடை.
இரவு பத்துக்குத் துறைமுகத்தில்
கிரேன் ஏற வேண்டும்.

வால்பராய்சோவில் வீடுகள்
ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக் கடலை எட்டிப் பார்க்கும்.
என் கூரைதான் அவள் தரை.
மெத்தையைச் சுவரில் சாய்ப்பது கேட்டது.
கைபேசியை எதன்மேலோ நிறுத்த,
அது சரிந்து விழ,
அவள் அதன் தாயைத் திட்டியதும் கேட்டது.

சாந்தியாகோவில் ஒரு பாடகர் குழு,
ஓர் இடம் காலி,
வீடியோ போதும் என்று
படிக்கட்டில் சொல்லியிருந்தாள்.
வயது முப்பத்தைந்துக்குள்.
அதை மட்டும் வேகமாகச் சொன்னாள்.

முதல் தடவை.
பெயர் சொன்னாள். ஊர் சொன்னாள்.
"வயது" என்றாள்.
அப்புறம் நாற்காலி நகர்ந்தது.

இரண்டாம் தடவை முப்பத்துநான்கு என்றாள்,
பாதிப் பாட்டில்
எரிவாயு வண்டிக்காரன் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு
மேடேறினான்.
மூன்றாவதை நாய் கெடுத்தது.
நான்காவதை நானே.
தும்மலைத் தலையணையில் புதைத்தும்
மிச்சம் வெளியே வந்துவிட்டது.

போன மாதம் அவளுடைய அக்கா
கேக் கொண்டுவந்தாள்.
எனக்கு வந்த துண்டில்
மெழுகாலான ஏழு ஒன்று
குத்தியபடியே இருந்தது.
மூன்று யார் தட்டுக்குப் போனதோ.

அந்தப் பாட்டில் ஓர் இடம் உண்டு,
இருட்டில்
படிக்கட்டு முடிந்ததென்று நினைத்துக் கால் வைக்கும்போது
இன்னும் ஒரு படி இருக்குமே,
அப்படி.
ஒவ்வொரு தடவையும் அங்கே
நான் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.
ஆறாவது தடவை
பிடிக்க மறந்துவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தவில்லை.
ஏழு, எட்டு, ஒன்பது:
பாட்டுக்கு முன்பே உடைந்தாள்,
அந்த ஒரு எண்ணில்.
பத்தாவது வெறும் மௌனம்.
தண்ணீர் குடித்தாள் போல.

பதினொன்றில்
"வயது முப்பத்தேழு" என்றாள்,
கடைக்காரி வெங்காய விலை சொல்வதுபோல்.
பிறகு பாடினாள்.
உண்மை சொன்னதால்
குரல் திறந்துகொண்டது என்றெல்லாம்
நான் சொல்லமாட்டேன்.
மேலே போகும்போது லேசாகக் கம்மியது.
நன்றாக இருந்தது ஆறாவதுதான்.
அதில் அவளுக்கு வயது
முப்பத்துநான்கு.

நான்கு மணிக்கு மறுபடி தட்டினாள்.
நெற்றியில் முடி ஒட்டியிருந்தது.
"கீழே ஏதாவது கேட்டதா?"
"ஒன்றும் கேட்கவில்லை" என்றேன்.
எனக்கு ஒரே டேக்கில் வந்துவிட்டது.
எதை அனுப்பப் போகிறாள் என்று
கேட்க வாய் வந்தது.
கேட்டால் பொய் தெரிந்துவிடும்.

சீருடை காயவில்லை.
ஈரத்தோடே போட்டுக்கொண்டு போனேன்.
ஐம்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடிக் கூண்டின் ஜன்னலைத் திறந்துவைத்தேன்,
கடல் காற்றில்
முதுகு காய்ந்தது, முழங்கால் காயவில்லை.
ஒரு கன்டெய்னரை இறக்கும்போது
கையின் பிடி தானாக இறுகியது.
எந்த இடம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

காலையில் வீடு திரும்பியதும்தான் ஞாபகம் வந்தது.
ஃபிரிட்ஜ்.
இரண்டு மீன்கள்.
மேடு முழுக்கப் பூனைகளுக்கு விருந்து.
மேல்வீட்டு ஜன்னல் மூடியிருந்தது,
தூங்கிக்கொண்டிருப்பாள்.
மெஷினைப் போடுவதா வேண்டாமா என்று
பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு
நின்றேன்.