துறை உண்டு, ஆறு இல்லை

மிசௌரி இந்த ஊரை விட்டுப் போனது
ஒரு ஜூலை வெள்ளிக்கிழமை இரவில்.
விடிந்து பார்த்தால்
கெளுத்திகள் சேற்றில் வாய் பிளந்து கிடக்க,
நீராவிப் படகொன்று சாய்ந்து நிற்க,
மேற்கே இரண்டு மைல் தள்ளி
ஒன்றும் நடக்காததுபோல்
ஓடிக்கொண்டிருந்தது ஆறு.

ஸ்கார் துறை என்ற பெயர் மட்டும் கூடப் போகவில்லை.
எல்லையும் போகவில்லை.
சட்டப்படி அது பழைய வளைவிலேயே கிடக்கிறது,
சோயா வயலின் நடுவே
யாரோ கழற்றி எறிந்த இடுப்புவார் மாதிரி.

அந்தக் கோட்டின் மேலேயே வீடு கட்டினார்கள் க்ரெய்ச்சி குடும்பத்தார்.
சமையலறை அயோவா, படுக்கை நெப்ராஸ்கா.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது
அவர்களுக்குப் பழமொழி அல்ல,
வருஷத்துக்கு இரண்டு வரி ரசீது.
அயோவா மதுவை விலக்கிய காலத்தில்
பீப்பாய் கட்டிலுக்கடியில் இருந்ததாம்.

இதெல்லாம் எனக்குத் தெரிவது
கவுண்டிப் பதிவறையில் பதினேழு வருஷம்
தூசி தின்றதால்.
முதல் பேரேட்டுக்கு முன்னால் எல்லாம் வெள்ளைத்தாள்.
ஒமாஹா மக்கள் இந்த வளைவை
ஏதோ பெயர் சொல்லித்தான் அழைத்திருப்பார்கள்.
எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மார்ச் பிறந்தால் ஆர்வின் ஸ்கார் வருவார்,
பூட்ஸை வாசலில் தட்டிவிட்டு.
படகுத்துறை உரிமம். ஒரு டாலர்.
முப்பாட்டன் ஹால்வோர் எடுத்தது.
"கட்டாவிட்டால் காலாவதியாகிவிடும்."
"ஆறே காலாவதி ஆயிற்றே, ஆர்வின்."
"அது வேறு இலாகா."

போன ஜூனில் மேலே அணையைத் திறந்தார்கள்.
யாரிடமும் வழி கேட்காமல்
வந்து சேர்ந்தது.
பதினோரு நாள்.

உழும்போது இரண்டு கொழுவை முறித்த
அந்த இரும்பு வளையத்தில்
மறுபடி ஒரு கயிறு விழுந்தது.
அலுமினியப் படகு, பழைய கட்டணப் பலகை:
ஆளுக்குப் பத்து சென்ட்,
குதிரைக்கு இருபத்தைந்து,
ஆட்டுக்கு ஐந்து,
போதகருக்கு இலவசம்.
மார்லிஸ் ட்வைட் இரண்டு அல்பாகாக்களோடு வந்து நின்றாள்.
வெள்ளம் ஏற ஏற அரைமணி நேரம் வாக்குவாதம்.
ஆடு என்று முடிவாயிற்று.

க்ரெய்ச்சி வீடு நாலாம் நாள் பிளந்தது.
சரியாக எல்லையில் என்று ஊரில் சொல்கிறார்கள்.
நான் நாடா பிடித்து அளந்தேன்,
நாலடி கிழக்கே.
கட்டில் போய்விட்டது. அடுப்பு நிற்கிறது.

ஆறு திரும்பிப் போன மறுவாரம்
ஆர்வின் ஒரு காப்பி டப்பாவைக்
கொட்டினார் என் மேஜையில்.
நாலு டாலர் முப்பத்தைந்து சென்ட்.
வருமானம், கணக்கில் ஏற்று என்றார்.
எந்த மாநிலத்தில் சம்பாதித்தது, ஆர்வின்?

யோசித்தார். தொப்பியைக் கழற்றினார், மாட்டினார்.
"போகும்போது அங்கே,
வரும்போது இங்கே."

கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.
டப்பா இழுப்பறையில் இருக்கிறது.
திறந்தால் சேற்று வாசம்.