இடது பிடி

பதினெட்டுப் பவுண்டு நாற்பத்தொன்பது பென்ஸ்.
அட்டைப் பெட்டி நனைந்து வந்து சேர்ந்தது.
உள்ளே இரண்டு ரப்பர் பிடி, ஒரு பொத்தான்,
நாலு முழம் வயர்,
யாரோ தூக்கக் கலக்கத்தில் மொழிபெயர்த்த தாள்:
'சிவப்பை மகிழ்ச்சியோடு பேட்டரிக்குக் கொடுக்கவும்.'

கொடுக்கலாம்.
முதலில் பழையதைக் கழற்ற வேண்டும்.

டாட்மார்டனில் ஞாயிறு. மழை விட்ட ஒரு மணி நேரம்.
பின்முற்றத்தில் யமஹாவை நிறுத்தி
காய்கறிக் கத்தியால் பிடியை நீளவாக்கில் கீறினேன்.
சாளை வயிற்றைக் கீறுகிற அதே அழுத்தம்,
அதற்கு மேல் போனால் கசந்துவிடும்.
பதினாறு வருடத்துப் பசையும்
எனக்கு முன்னால் இதைப் பிடித்திருந்த யாருடைய வியர்வையோ
கறுப்பாய்ச் சுருண்டு விழுந்தன.

செல்வின் ஜன்னலைத் திறந்து
'மெக்கானிக்கிட்ட குடுத்தா என்ன?' என்றான்.
மெக்கானிக் எண்பது கேட்டிருந்தான்.
எண்பது என்றால்
ஏறக்குறைய ஏழு மணி நேரம் பிறர் உடம்பு துடைப்பது.
ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில்
ஓட்டுகிற நேரத்துக்குக் கூலி கிடையாது.
அந்த நேரத்தில்தான் விரல் விறைக்கிறது,
கையுறைக்குள் கையுறை போட்டும்.

வலது பிடி சுழலும், இடது சுழலாது.
வலப்பக்க வயருக்குத் தொய்வு விட வேண்டும் என்று
தாள் சொல்லவில்லை.
இறுக்கிக் கட்டிவிட்டு முறுக்கிப் பார்த்தேன்.
கையை எடுத்தும்
ஆக்ஸிலேட்டர் திரும்பி வரவில்லை.
எஞ்சின் அணைந்துதான் இருந்தது. இருந்தும்
காலையில் நான் இறங்குகிற மலைப்பாதை மொத்தமும்
ஒரு நொடியில் கண்ணுக்குள் ஓடிற்று.

கட்டை வெட்டி, வளையம் விட்டு, மறுபடியும்.
முறுக்கு. விடு. டப்.
ஹேண்டில்பாரை அந்தக் கோடிக்குத் திருப்பி, டப்.
இந்தக் கோடிக்கு. டப்.
இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன் அந்தச் சத்தத்தை.

திங்கள் இரவு பொத்தானை அணைக்க மறந்துபோனேன்.
செவ்வாய் ஐந்தரைக்கு பேட்டரி செத்துக் கிடந்தது.
ஆளில்லாத முற்றத்தில்
நடுச்சாமம் வரை சுட்டிருக்கின்றன பிடிகள்.
ஒரு பூனையாவது ஏறி உட்கார்ந்திருக்கலாம்.
இரண்டாம் கியரில் தள்ளிக்கொண்டு ஓடினேன்.
இந்த ஊருக்கு இறக்கம் வைத்தவன் நன்றாயிருக்கட்டும்.
அப்புறம் நாலு பவுண்டுக்கு ஒரு ரிலே.
சாவி அணைந்தால் சூடும் அணையும்.

புதன், ஆறு பத்து, மொய்ரா வீடு.

படுக்கையிலிருந்து நிமிர்த்த
முதுகில் கை வைக்கும்போதெல்லாம்
தோள் சுருங்கும் அவளுக்கு.
'சாரி' என்பாள்.
என் கை குளிர்ந்ததற்கு இவள் ஏன் சாரி சொல்கிறாள் என்று
நானும் 'சாரி' என்பேன்.
இரண்டு சாரிக்கும் நடுவில்
கிண்ணத்து வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன்.
இடது பிடி வெறும் இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
இரும்பு சூட்டைக் குடித்துவிடும்.
வலதுக்கு அடியில் பிளாஸ்டிக் குழாய்,
அதனால் தாராளமாய்ச் சுடுகிறது.
விலை கூடியதில் இதற்கு ஏதோ சரிக்கட்டல் உண்டாம்.
ரயில்பாலத்தடி சிக்னலில் நின்றால்
ஹெட்லைட் வேறு மங்குகிறது.

இன்று வலது கையை முதலில் வைத்தேன்.
தோள் அசையவில்லை.
அவள்தான் திரும்பிப் பார்த்தாள், என்ன ஆயிற்று என்பதுபோல.
சொன்னேன். கத்தி, பசை, டப், ரிலே,
வராத பூனை உட்பட.
'நீயேவா?'
நானேதான்.

'அப்ப அந்தக் கை?' என்றாள்,
இடது கையைக் கண்ணால் காட்டி.

கொஞ்சம் பொறு என்று சொல்லி
அதை மட்டும் கிண்ணத்துத் தண்ணீரில்
ஊறவிட்டு நின்றேன்.