நடப்பில் உள்ளது

வேலூர் ரோட்டில் டயர் ரீட்ரெட் கடைக்கு மேலே
ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு கரும்பலகை.
அப்படித்தான் தொடங்கியது எங்கள் கிளை.
ரப்பர் வேகும் நெடியில்
நான் முதல் ரசீது கிழித்த மாதம்
திருச்செங்கோட்டில் ஆயுளுக்கு விலை கேட்டவர்கள்
பதினொரு பேர்.

"செத்தாத்தான் பணமுங்களா?"
என்று படியிறங்கிப் போனவர்களுக்காகவே
கம்பெனி 'வளர்பிறை'யைக் கொண்டு வந்தது.
இருபது வருஷம் கட்டு.
இருந்தால் உனக்கு, இல்லாவிட்டால் அவளுக்கு.
ரிக் வண்டிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.
ஆயிரம் அடிக்குக் கீழும் புகையே பார்த்தவர்களுக்கு
ஓர் ஊற்று நிச்சயம் என்றால் கசக்குமா?

அர்த்தனாரி அப்படி வந்தவன்தான். டிரில்லர்.
கம்ப்ரசர் இரைச்சல் காதைவிட்டுப் போகாமல்
எதையும் கத்தித்தான் சொல்லுவான்.
படிவத்தில் பன்னிரண்டாம் கேள்வி:
தகப்பனார் எந்த வயதில், எதனால் இறந்தார்?
"உசுரோடதான் இருக்கறாருங்க,
பேச்சுவார்த்தைதான் இல்லை."
அதற்குக் கட்டம் கிடையாது.
ஒரு கோடு போட்டு நகர்ந்தேன்.

மூன்றாம் வருஷம், ராய்ப்பூர் தாண்டி
டீ குடிக்க இறங்கியவன்
வண்டிக்குத் திரும்பவில்லை.
ஓனர் கணக்கை முடித்துத்
துணிப்பையைக் கொடுத்தனுப்பினார்.

அந்தக் காலாண்டுத் தவணைக்குப் பாவாயி வந்தாள்.
தறிக்குத் தார் சுற்றிக் காய்த்த விரல்களால்
அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாயை
இரண்டு தடவை எண்ணினாள்.
ரசீதை என் பக்கமே திருப்பி வைத்து
"கடைசி வரிய ஒருக்காப் படிங்கோ" என்றாள்.
படித்தேன்.
பாலிசியின் நிலை: நடப்பில் உள்ளது.
"செரிங்க" என்று மடித்து இடுப்பில் செருகினாள்,
ஆள் ஊர் வந்து சேர்ந்த மாதிரி.

பிறகு ஒவ்வொரு மூன்று மாதமும்
அதே வரி, அதே செரிங்க.

நாங்கள் வளர்ந்தோம்.
ரீட்ரெட் கடையையே வாங்கி இடித்துக் கட்டினோம்.
கண்ணாடிக் கதவு, டோக்கன் மெஷின்,
கோடியில் இலக்கு,
எட்டிய ஏஜெண்டுகளுக்கு பாங்காக்.
பாலிசிதாரர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை.
அர்த்தனாரி பேருக்கு வந்ததை எடுத்துக்கொண்டு
மூச்சிரைக்க மாடியேறினாள்.
"எங்க இருக்கறாருன்னு
கம்பெனிக்குத் தெரியுமாட்ட இருக்குதுங்களே?"
அதற்கும் கட்டம் கிடையாது.

ஏழு வருஷம் முடிந்ததும் நானே சொன்னேன்:
கோர்ட்டில் ஓர் உத்தரவு வாங்கினால்
இறந்ததாகக் கருதுவார்கள்,
தொகையும் போனஸும் கைக்கு வரும்.
"கருதறதுக்கு அவுங்க ஆருங்க?"
கேட்டுவிட்டு
அறுநூற்றுப் பன்னிரண்டை எண்ணத் தொடங்கினாள்.

கிளைக்கு இருபது வயது. கல்யாண மண்டபத்தில் விழா.
ஒரு தவணையும் தவறாதவர்கள் பத்துப் பேரை
சிஸ்டம் பொறுக்கிக் கொடுத்திருந்தது.
"திரு. அர்த்தனாரி! அர்த்தனாரி இருக்காருங்களா?"
மைக்கில் மேனேஜர் மூன்று முறை கேட்டார்.
தெரிந்தவள் நான் ஒருத்தி. வாயைத் திறக்கவில்லை.
நடு வரிசையில் பாவாயி எழுந்தாள்.
"இருக்கறாருங்க.
நான் வாங்கிக்கறனுங்க."

எவர்சில்வர் டிபன் கேரியர், நாலு அடுக்கு.
போட்டோக்காரர் காலி இடத்தைப் பார்த்து
"நடுவுல வாங்கம்மா" என்றார்.
அவள் இடப்பக்கமாகவே நின்றாள்.

கீழே இறங்கி வந்து என் காதில் கேட்டாள்:
"இதுக்கு அவரு கையெழுத்து வேணுமுங்களா?"
இதற்கு வேண்டாம் என்றேன்.

வரும் தையில் வளர்பிறை முதிர்கிறது.
படிவம் வந்து என் டிராயரில் கிடக்கிறது.
பாலிசிதாரர் கையெழுத்திட வேண்டிய இடத்தில்
எல்லோருக்கும் போடுவதுபோல்
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி
போட்டு வைத்திருக்கிறேன்.