மூன்று புள்ளி நான்கு

மாவட்டத்தை எண்ணூற்றுப் பன்னிரண்டு கட்டமாக வெட்டி
வரைபடத்தை என் மடியில் போட்டார்கள்.
கட்டத்துக்குக் கட்டம் வண்டியை நிறுத்தி
ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும்:
"சோதனை. நூற்று நான்கு. எப்படிக் கேட்கிறது?"
மலைக்கு அந்தப் பக்கம்
கட்டுப்பாட்டு அறையில் வெர்னா மதிப்பெண் போடுவாள்.

ஐந்து என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல்.
ஒன்று என்றால், யாரோ இருக்கிறார்கள், அவ்வளவுதான்.
தேறுவதற்கு மூன்று புள்ளி நான்கு:
புரியும், எப்போதாவது
இன்னொரு முறை கேட்க வேண்டிவரும்.
விவாகரத்துக்கு முந்தைய நான்கு வருடம்
எங்கள் வீட்டில் இரண்டைத் தாண்டியதில்லை.

ஷெரிஃப் அலுவலகத்தின் நிலவறையில் அந்தப் பழைய பெட்டி.
செய்த கம்பெனி இப்போது இல்லை.
கதவை மீன்பிடி நரம்பால் கட்டியிருந்தார்கள்.
சூடு தணிக்க யார் வீட்டுச் சமையலறை விசிறியோ.
உள்ளே எலி பெற்று வளர்த்துப் போன தடம்.
மேலே ஒட்டியிருந்த காகிதம்:
"ஓடுகிறது. தொடாதே."
எழுதியவர் ஓய்வுபெற்று ஒன்பது வருடமாம்.
புகைப்படம் எடுத்தேன், பின்னிணைப்பு மூன்று.

என்னை ஓட்டிக்கொண்டு போனவர் டுவெயின் கோகர்,
இடது கால் மடங்காத துணை ஷெரிஃப்.
லாரல் பள்ளத்தில் ரேடியோ எடுக்காது என்று
இங்கே எல்லோருக்கும் தெரியும்,
பிளெவின்ஸ் கல்லறைமேட்டில் ஏறினால் எடுக்கும் என்றும்.
போன மார்ச்சில், மழையில்,
முழங்காலில் குண்டோடு கிடந்தவரால்
மேடேற முடியவில்லை.
பதினோரு நிமிடம் பொத்தானை அழுத்தி அழுத்திப் பேசினாராம்.
ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை.

"சொல் இல்லைதான்," என்றாள் வெர்னா,
சாண்ட்விச்சின் ஓரத்தைப் பிய்த்தபடி.
"இரைச்சல் கொஞ்சம் தணியும், திரும்ப எழும்.
தணியும், எழும்.
மழை அப்படிப் பெய்யாது.
யாரோ அழுத்துகிறார்கள் என்று தெரிந்தது.
பதில் சொல்லாத வண்டி எது என்று பார்த்தேன்."

இதை எழுத என் படிவத்தில் பத்தி இல்லை.
குறிப்புகள் என்ற இடத்தில் இரண்டு வரி உண்டு.
எழுதினேன், அடித்தேன்.
பழையதை வைத்துக்கொள்ளுங்கள் என்று
நான் சொல்வதாக யாராவது படித்துவிடக் கூடாது.
பழையதுதான் அவரைப் பதினோரு நிமிடம் கிடத்தியது.

பரிந்துரை: புதிய டிஜிட்டல் அமைப்பு, ஏழு கோபுரம்.
கூட்டத்தில் மார்லா பக்நெல் கேட்டார்:
"ஆறு போதாதா? பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது."
உண்மையிலேயே ஒழுகுகிறது, பார்த்தேன்,
உடற்பயிற்சிக் கூடத்தில் நான்கு வாளிகள்.
மூன்றுக்கு இரண்டு.
வீடுகள் குறைந்த இடத்துக் கோபுரம் போயிற்று.
எந்தப் பள்ளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபரில் மாற்றினார்கள்.
குரல்கள் கழுவித் துடைத்த தட்டுகள் மாதிரி வந்தன.
நாய் குரைப்பு இல்லை, காற்று இல்லை, வைப்பர் சத்தம் இல்லை.
"எங்கிருந்து பேசுகிறான் என்றே தெரியவில்லை," என்றாள் வெர்னா.
திரையைக் காட்டினேன்,
ஒவ்வொருவரும் ஒரு பச்சைப் புள்ளி.
"ம், அழகாக இருக்கிறது," என்றாள்.
நூற்று நான்கு: நான்கு புள்ளி ஐந்து.
இருநூற்று எழுபது: ஐந்து.
ஷெரிஃப் ஸ்டிடம் எனக்குப் பை வாங்கித் தந்தார், ஆப்பிள்.

கடைசி நாள், மாலை நாலரை, தூறல்.
"சோதனை. அறுநூற்றுப் பதினொன்று. எப்படிக் கேட்கிறது?"
இரைச்சல்கூட இல்லை.
போர்வை போட்டு மூடியதுபோல் ரேடியோ.
மறுபடி சொன்னேன்.
பேனாவோடு படிவத்தைப் பார்த்தேன்:
மதிப்பெண்கள் ஒன்றிலிருந்து தொடங்குகின்றன.

நான் எதுவும் கேட்கவில்லை.
கோகர் கியரை மாற்றி
வண்டியைக் கல்லறைமேட்டுக்குத் திருப்பினார்.