மூன்று பாயிண்ட்

பேரையூர் ரோட்டு முக்கில் என் கடை.
பதினேழு வருடமாய் முகங்களை வெளுக்கிறேன்.
சோப்பு இல்லை, உவர்மண் இல்லை.
திரையில் ஒரு வளைகோடு;
அதன் நடுவைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கினால்
உசிலம்பட்டி வெயில் முகத்தை விட்டு இறங்கிவிடும்.

"மூணு பாயிண்ட் ஏத்துங்க தம்பி" என்பார்கள்.
யார் கண்டுபிடித்த அளவோ தெரியாது.
பெண்ணுக்கு மூன்று, மாப்பிள்ளைக்கு இரண்டு,
செத்தவருக்கு ஐந்து வரை போகலாம்;
மாலை போட்ட சட்டத்துக்குள் கைவிட்டு
யாரும் உரசிப் பார்க்கப் போவதில்லை.
பாஸ்போர்ட்டுக்கு மட்டும் கூடாது.
அங்கே ஆள் ஆளாகவே இருக்க வேண்டுமாம்.

சித்திரைக் கடைசியில் ஒரு பகல்
மாயக்காள் மகளோடு வந்தாள்.
மகள் பெயர் இருளாயி. குலசாமி பெயர்.
நாகமலைப் பக்கம் ஆராய்ச்சி படிக்கிறாள்.
ஒரே பென் டிரைவில் இரண்டு வேலை:
தரகருக்கு அனுப்ப அவள் படம்,
கண்காட்சிக்கு ஆறடிக்கு நாலடி ஃபிளெக்ஸ்.

அம்மாவின் வேலையை முதலில் முடித்தேன்.
நாலு நொடி.

ஃபிளெக்ஸில் உலகப்படம்.
ஆப்பிரிக்காவின் கிழக்கு ஓரத்தில் கிளம்பிய அம்பு
கடலைப் பிடித்துக்கொண்டே வந்து நம் பக்கம் தொட்டு
இன்னும் கிழக்கே போகிறது.
இன்னொன்று எங்கெங்கோ சுற்றிப் பனிக்கு ஏறுகிறது.
அம்புகளின் மேல் எறும்பளவு மனிதர்கள்.
கிளம்பும்போது எல்லோரும் கறுப்பு.
வடக்கே போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாய்
ஏற்றச் சொன்னாள் இருளாயி.

"எத்தனை பாயிண்ட்?"
"அது ஆயிரம் தலைமுறைங்க. பார்த்துப் போடுங்க."

எலும்புக்கு வெயில் போதாத தேசத்தில்
தோல் அத்தனை காலம் எடுத்துச் செய்த வேலையை
இங்கே நாற்பது டிகிரியில் உட்கார்ந்து
படத்துக்கு அறுபது ரூபாய் என்று செய்துகொண்டிருக்கிறேன்.

அடியில் ஒரு வரி அடிக்கச் சொன்னாள்:
வெயிலிடமிருந்து கருவைக் காக்கக் கறுத்தது தோல்.
மாயக்காள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
"கருவையவா காக்கணும்?
அதத்தேன் வேரோட பிடுங்கச் சொல்லி
கம்மாய்க்குள்ள பொக்லைன் நிக்கிது."
"மரம் இல்லம்மா. வயித்துல இருக்கிற கரு."

மாயக்காள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
நாலு பெற்றவள்.
நாலையும் களைவெட்டிக்கொண்டே சுமந்தவள்.
முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டாள்:
"அப்ப, மொதமொதல்லயே கறுப்புத்தானா?"
"அதுக்கும் முந்தி வெளுப்பும்மா.
அழகர்கோயில் கொரங்கோட மயிரை விலக்கிப் பாரு.
வெளுப்பா வேணும்னா நீ
அம்புட்டுத் தூரம் திரும்பிப் போகணும்."

மெஷின் உறுமிக்கொண்டு ஃபிளெக்ஸைத் துப்பியது.
பனி வந்தது, மலைகள் வந்தன,
நம் ஊர் வரவேண்டிய இடத்தில்
கோடு கோடாய் வெளிறி நின்றது.
என் கடையில் முதலில் தீர்வது எப்போதும் கறுப்பு மைதான்.
எழுத்துக்கு அது, மீசைக்கு அது,
கண்ணீர் அஞ்சலிக்கும் அதுவே.
மூன்றே முக்கால் பஸ்ஸில் மதுரையிலிருந்து
டப்பா வரவேண்டும்.

டீ சொன்னேன்.
திரையில் மூடாமல் கிடந்தது
யாருக்கும் அக்காவாக இல்லாத ஒரு முகம்.
இருளாயி அதைப் பார்த்தாள்,
தெரிந்தவர்களின் தூரத்துச் சொந்தத்தைப் பார்ப்பதுபோல.

மாயக்காள் பாதி ஃபிளெக்ஸின் மேல் குனிந்து
பனிக்குள் போகும் வெளுத்த மனிதர்களை
விரலால் தேய்த்துப் பார்த்தாள், ஒட்டுகிறதா என்று.

"பாவம்" என்றாள்.
"அங்கன போய்ச் சேர்றதுக்குள்ள
இவுகளுக்கும் மை தீந்துபோச்சாக்கும்."

இருளாயிக்கு டீ புரையேறியது.
தலையில் தட்டிக்கொண்டே இருந்தாள் அம்மா,
பஸ் ஹாரன் கேட்கும்வரை.