தூவியாயிற்று

சட்பரியில் அந்தக் கோடை, எண்பத்திரண்டு.
உருக்காலை எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தது.
நகராட்சி கூப்பிட்டு ஆளுக்கொரு பை கொடுத்தது:
பத்துக் கிலோ சுண்ணாம்பு.
மலையில் தூவு என்றது.

மலை என்றா சொன்னேன்.
அடிப்பிடித்த சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு பாறை,
அதன் பின்னால் இன்னொன்று,
அதற்கும் பின்னால் புகைபோக்கி.
பதினெட்டு வருடம் நான் உருக்கிய நிக்கல்
எந்த ஊர்க் கரண்டியிலோ மினுங்கிக்கொண்டிருக்க
கந்தகம் மட்டும் ஊரைவிட்டுப் போகாமல்
மண்ணைப் புளிக்க வைத்திருந்தது.

இயந்திரம் ஏறாத சரிவு. நாங்கள் ஏறினோம்.
நான், எய்னோ, கல்லூரிப் பெண் ஒக்ஸானா,
சுரங்கத்தில் ஒரு காதை விட்டுவந்த ஓரேல்
வரிசையாக நின்று கைமாற்றினோம்.
ஆலை ஒரு கண்ணில் வெண்ணெய் வைத்தது,
மறு கண்ணில் சுண்ணாம்பு;
காற்று திரும்பிய மதியங்களில்
இரண்டு கண்ணிலும் சுண்ணாம்பு.
"எரித்ததற்கும் கூலி வாங்கினோம்,
ஆற்றுவதற்கும் வாங்குகிறோம்" என்றான் ஓரேல்,
தேவைக்கு மேல் சத்தமாக.
"இதற்குத்தான் குறைவு."

மறு வருடம் பாறை இடுக்கில் பச்சையாக ஏதோ.
பூஞ்சை என்று நினைத்துக் காலால் தேய்த்தேன்.
புல்.
அதன்பின் யாரும் விதைக்காத பிர்ச் கன்றுகள்
அழைப்பில்லாத கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல
ஓரமாக நின்றன.

ஆகஸ்டில் ரோலாண்ட் திபோ வந்தாள்,
தகர வாளியும் நீலமேறிய விரல்களுமாக.
என் பையின் மேல் காலை வைத்தாள்.
"புளித்த மண்ணில்தான் புளூபெரி காய்க்கும்.
ஆலை கொன்றதெல்லாம் போக
மிச்சம் வைத்தது இது ஒன்றுதான்.
நாலு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செருப்பு
இந்தச் சரிவில் இருக்கிறது.
நீ வெள்ளையடிக்க வந்திருக்கிறாய்."

பதில் சொல்லத் தெரியவில்லை.
ஓரேல் கேட்காத காதைக் காட்டி
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.
பிரிக்காத ஆறு பைகளை
வேறு சரிவுக்குத் தூக்கிப் போனோம்.
படிவத்தில் எழுதினேன்: தூவியாயிற்று.

நாற்பது வருடம்.
ஏரியில் மீன் இருக்கிறது என்கிறார்கள்,
பிடிக்கிறவர்களையும் பார்த்தேன்.
புகைபோக்கியை மேலிருந்து
துண்டு துண்டாக இறக்குகிறார்கள்.
வெயில் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாமல்
சில காலைகளில் ஜன்னலிலேயே நிற்கிறேன்.
ஓரேல் இல்லை. ரோலாண்டும் இல்லை.
செருப்பு போட்ட பிள்ளைகளில் ஒருவன்
பேருந்து ஓட்டுகிறான்.

போன வாரம் கணினியும் கையுமாக ஓர் இளம் அதிகாரி.
"சுற்றிலும் காடு. இந்த ஒரு நாக்கு அளவு இடத்தில் மட்டும்
ஏன் மரம் வரவில்லை?
பதிவேட்டில் தூவியதாக இருக்கிறதே."
யோசிக்கிறவன்போலத் தலையைச் சொறிந்தேன்.
குப்பியில் மண் எடுத்துப் போனாள்.
முடிவு இன்னும் வரவில்லை.

நல்லவேளை
அவள் இருந்தவரை
நான் வாயைத் திறக்கவில்லை.
பல்லெல்லாம் நீலம்.