நனைந்தால் முழம்

நனைந்திருக்கும்போது என் முடி தோளைத் தொடும்.
காயக் காயக் காது மடலுக்கு ஏறிவிடும்,
நான் வரிசையின் முன்னால் வந்ததும்
இழுத்துச் சாத்தப்படும் தபால் நிலைய ஜன்னல் போல.
இழுத்தால் முழம். விட்டால் சாண்.
மூன்று வருடமாகக் கத்தரி படவில்லை என்றால்
டிப்போவில் ஒருவரும் நம்புவதில்லை.
"வெர்லீன், மறுபடி வெட்டிட்டியா?" என்பான் லாமார்,
பஞ்ச் அட்டையைத் தேய்த்துக்கொண்டே.

போன மார்ச்சில் ஒரு டெக்ஸ்ச்சரைசர்.
பயந்து மூன்றே நிமிடத்தில் அலசிவிட்டேன்.
பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் அளவுச் சுருள்
பேனா ஸ்பிரிங்காகவே இருந்தது.
எனக்குப் பென்சில் பருமன் போதும்.
நேராக்க நினைத்திருந்தால் எப்போதோ நேராக்கியிருப்பேன்.
வளர்ந்ததை வளர்ந்த நீளத்தில்
ஒருமுறை
கண்ணாடியில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிறு. கிளீவ்லாந்தில் பாதி ஜன்னல் வரை பனி.
நெற்றியோரம், காதோரம், பிடரியில் வாசலின்.
கையுறை. முட்டை வேகவைக்கும் கடிகாரம் ஏழில்.
களிம்பைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பின் நெடி.
அகலப்பல் சீப்பால் மெல்ல, மெல்ல.
ஐந்தாம் நிமிடம் சுருள்கள் கொஞ்சம் கைவிரித்தன.
ஆறாம் நிமிடம் உச்சியில் எறும்பு ஊர்ந்தது.
ஏழில் மணி அடித்தது.
குழாயைத் திறந்தேன்.

ஒரு இருமல்.
துரு நிறத்தில் மூன்று சொட்டு.

தெருக்கோடியில் எங்கோ பெரிய குழாய் வெடித்திருக்கிறது.
கெட்டிலில் அரைக் கோப்பை.
ஃப்ரிட்ஜில் ஒரு பாட்டில் இஞ்சி சோடா.
தலையில் இருக்கும் எறும்பு இப்போது கடிக்கிறது.

எதிர் வீட்டு பிக்கென்ஸோடு பேசி இரண்டு வருடம்.
பார்க்கிங் சண்டை. தப்பு என் பேரில் பாதி.
தோளில் துண்டோடு கதவை இடித்தேன்.
"தண்ணி" என்றேன். "எதுவும் கேக்காதீங்க. தண்ணி."

அவர் மீன் வளர்ப்பவர்.
வாரம் ஒரு முறை தொட்டிக்கு மாற்ற
ஒன்பது கேன் தண்ணீரை
அறைச் சூட்டுக்குப் பழக்கி அடுக்கியிருந்தார்.

அவர் சமையலறைத் தொட்டியில் தலையைக் கவிழ்த்தேன்.
இடது பக்கமிருந்து ஊற்றத் தொடங்கினார்,
மீனுக்கு ஊற்றுகிற அதே நிதானத்தில்.
"சீக்கிரம்!" என்று கத்தினேன்.
இந்த ஷாம்பூவின் நுரை ரோஸாக இருந்தால் களிம்பு இன்னும் போகவில்லை.
நிறத்தைச் சொல்லச் சொன்னேன்.
"ரோஸ்."
மூன்றாவது கேன்.
"ரோஸ்தாம்மா."
ஐந்தாவது. "இன்னும்."
ஏழில் "வெளிறுது."
எட்டில், ஒரு பெருமூச்சோடு, "வெள்ளை."
பச்சை விளக்குக்குள்ளிருந்து மீன்கள்
தங்கள் வாரத்துத் தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப்
பார்த்துக்கொண்டிருந்தன.
ஒன்பதாவது கேனின் மேல் கை வைத்துக்கொண்டார்.
"இது அதுங்களுக்கு."
நான் எதுவும் சொல்லவில்லை.

காய்ந்தபோது தெரிந்தது.
இடப்பக்கம் முதலில் தண்ணீர் கண்டது: பென்சில்.
வலப்பக்கம் காத்திருந்தது: என் கட்டைவிரல் பருமன்.
இடது, தாடையில் நின்றது.
வலது, தோள் வரை வந்து
அங்கேயே இருந்தது.

"ஒரு பக்கம் மட்டும் வளந்திருக்கே" என்றான் லாமார்.
வண்டியை எடுத்தேன், பதினான்காம் தடம்,
முதல் நிறுத்தத்தில் உப்பு தூவிய பாதை, ஏழு பேர்.

சனிக்கிழமை லிஃப்ட் வேலை செய்யவில்லை.
எட்டு கேன்களை இரண்டிரண்டாக
நான்கு மாடி ஏற்றினேன்.
"ரெண்டு நாள் வெளியில இருக்கணும்" என்றார்.
"எனக்குப் பொறுமை உண்டு" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, கதவை அகலத் திறந்தார்.

குளித்துவிட்டு இன்று கண்ணாடி முன் நிற்கிறேன்.
காயக் காய இடது பக்கம் மேலேறுகிறது.
வலது பக்கம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று
எல்லோருக்கும் தெரிகிறது.
இடது பக்கம் எவ்வளவென்று
எனக்குத் தெரியும்.